சிறியாநங்கை: யாருக்கு, எவ்வளவு, எதுவரை?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோட்டத்துச் சாளைகளின் வாசலோரம் சிறியாநங்கை வளர்ப்பார்கள். பாம்பு அண்டாது என்று நம்பிக்கை. சர்க்கரை உள்ளவர்கள் காலையில் வெறும் வயிற்றில் அதன் இலையைப் பறித்து மெல்வார்கள். மழைக்காலக் காய்ச்சல் பரவினால் கோவைத் தெருமுனைகளில் அண்டா அண்டாவாகக் கசாயம் கொடுப்பார்கள். சிறியாநங்கைக்கு இன்னொரு பெயர் நிலவேம்பு; மூன்றிலும் இருப்பது அதுதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு நம்பிவிடக் கூடாது.

கசாயம் தனி நிலவேம்பு அல்ல. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என 9 சரக்குகள் சம எடையில் சேர்ந்தது நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம். 2006இல் சிக்குன்குனியா, 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசே இதை வழங்கியது. சூரணம் 5 முதல் 10 கிராம் வரை எடுத்து, சுமார் 200 மி.லி. தண்ணீரில் கால் பங்காகச் சுண்டக் காய்ச்சி வடிகட்ட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 50 மி.லி. போதும். சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை இரவுக்கு வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கான அளவைச் சித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

டெங்கு விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். காய்ச்சல் தணிந்ததும் கசாயம் கேட்டுவிட்டது என்று வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, குழப்பம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆய்வகச் சோதனைகளில் நிலவேம்பின் சத்து, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைத்திருக்கிறது. ஆகவே ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

நிலவேம்பு சர்க்கரையைக் குறைக்கலாம். சிக்கலும் அதில்தான். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் கூடவே இலையையும் மென்றால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்வையும் நடுக்கமும் வரலாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் அறவே தவிர்க்க வேண்டும். சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, தடிப்பு வரும். அரிதாக மூச்சுத்திணறும் அளவுக்கு ஒவ்வாமையும் வந்திருக்கிறது. கொரோனா காலத்தில் தாய்லாந்து இதே செடியை லேசான தொற்றுக்குக் கொடுத்தபோது 5 நாள் என்று வரம்பு வைத்தது. நம் ஊரில் மாதக்கணக்கில் மெல்கிறோம்.

பாம்புக்கடிக்கு இந்த இலை மருந்தல்ல. கசக்கிறதா, இனிக்கிறதா என்று மென்று பார்த்து விஷம் ஏறியதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் கடிபட்டவரின் உயிருக்கு ஆபத்து. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்கவிடாமல், 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு ஊசி அங்கே இலவசம்.