அசையாதவருக்கு உணர்வே இல்லையா?

தலையில் பலத்த அடிபட்டவர் சில வாரங்களில் கண் திறக்கிறார், தூங்குகிறார், விழிக்கிறார். ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இதையும் ‘கோமா’ என்றே வீட்டில் சொல்கிறோம். உண்மையில் கோமாவில் கண்ணே திறக்காது. இது உணர்வற்ற விழிப்பு நிலை. அந்த ‘உணர்வற்ற’ என்பதில்தான் இப்போது சந்தேகம்.

மனதுக்குள் டென்னிஸ்

2005-ல் சாலை விபத்தில் சிக்கிய 23 வயது ஆங்கிலப் பெண்ணுக்கு இதே நிலை. கேம்பிரிட்ஜில் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர் அவரை, மூளையின் இயக்கத்தைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, “டென்னிஸ் ஆடுவதாக நினையுங்கள்” என்றார்கள். பிறகு, “உங்கள் வீட்டு அறைகளில் நடப்பதாக நினையுங்கள்” என்றார்கள். நலமாக இருப்பவர்களுக்கு மூளையின் எந்தப் பகுதிகள் இயங்குமோ, அவையே அவருக்கும் இயங்கின. விரல்கூட அசையவில்லை.

2010-ல் இதையே உரையாடலாக்கினார்கள். டென்னிஸ் என்றால் ‘ஆம்’, வீடு என்றால் ‘இல்லை’. அப்பாவின் பெயர் போன்ற 6 கேள்விகளில் ஐந்துக்கு ஒரு நோயாளி சரியாகப் பதில் சொன்னார். ஆனால் சோதித்த 54 பேரில் ஐவருக்கு மட்டுமே மூளையில் இப்படி மாற்றம் தெரிந்தது.

படுக்கையருகே வந்த கருவி

ஸ்கேன் அறைக்கு எல்லோரையும் தூக்கிச் செல்ல முடியாது. அதனால் மூளையின் மின்மாற்றங்களைப் பதியும் இ.இ.ஜி. தொப்பி. இரு மணிக்கட்டுகளிலும் சிறு அதிர்வுக் கருவி கட்டுவார்கள். ‘ஆம்’ என்றால் ஒரு பக்க அதிர்வுகளை எண்ண வேண்டும், ‘இல்லை’ என்றால் மறுபக்கம். கவனித்த அதிர்வுக்கு மூளை காட்டும் மின்மாற்றத்தைக் கணினி பிரித்தெடுக்கும். ஒரே பதிலுக்குப் பலமுறை அதிர்வு தர வேண்டும். இதில் அரட்டை அடிக்க முடியாது.

2024-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளையைப் பின்பற்றியது. நால்வரில் ஒருவர்! அதே ஆய்வில், கண்முன்னே கட்டளைக்கு அசைந்தவர்களிலேயே 38 சதவீதத்தினரைத்தான் மூளைச் சோதனை கண்டுபிடித்தது. எனவே, சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக உணர்வு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வீட்டார் செய்ய வேண்டியது

இந்தக் கருவிகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கின்றன. “மனதைப் படித்துச் சொல்கிறோம்” என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். கைக்கு எட்டிய சோதனையை முதலில் கேளுங்கள்: கோமா மீட்சி அளவுகோலின்படி, வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் பரிசோதனை. அதில் ஒன்று, முகக்கண்ணாடியை மெல்ல நகர்த்திக் கண்கள் பின்தொடர்கின்றனவா என்று பார்ப்பது. மயக்க மருந்து, காய்ச்சல், காது கேளாமை ஆகியவை பதிலை மறைக்கின்றனவா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையை நிறுத்துவது பற்றிய பேச்சை மட்டும் கட்டிலருகே வைத்துக்கொள்ளாதீர்கள்.