கிழித்த கையும் கிழிக்கச் சொன்ன வாயும்

ஒப்பந்தங்களின் கதை – 9

இலங்கைத் தமிழர் வீடுகளில் அரசியல் பேச்சு எழுந்தால் அது இரண்டு பக்கமாகப் பிரியும். பண்டாரநாயக்கவும் சுதந்திரக் கட்சியும் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவராதிருந்தால் நாடு இந்தக் கதிக்கு வந்திராது என்பார் ஒருவர். எண்பத்து மூன்றில் கொழும்பில் வீடு எரிந்தவர் அதை ஒப்பமாட்டார். அவருக்கு எல்லாவற்றுக்கும் மூலம் ஐக்கிய தேசியக் கட்சி. இருவர் கையிலும் சான்று உண்டு.

1944-இல் அரசாங்க சபையில் சிங்களத்தை ஆட்சிமொழியாக்கத் தீர்மானம் கொண்டுவந்தவர் ஜே.ஆர். ஜயவர்தன. தமிழையும் சேர்த்துத் திருத்திய பிறகே அது நிறைவேறியது. தமிழும் இருக்கட்டும் என்று அன்று ஆதரித்தவர்களில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் ஒருவர்! அதே பண்டாரநாயக்க பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 24 மணி நேரத்தில் சிங்களம் மட்டும் என்று சொல்லி வாக்குக் கேட்டார்.

ஐ.தே.க. சும்மா இருந்ததா? பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல யாழ்ப்பாணத்துக்கு வந்து இரு மொழிக்கும் சம அந்தஸ்து தருவதாக வாக்களித்தார். தெற்கில் கூச்சல் கிளம்பியதும், 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டில் அவருடைய கட்சியும் சிங்களம் மட்டும் என்று தீர்மானம் போட்டது. அப்படியும் தேர்தலில் கிடைத்தவை எட்டே இடங்கள். சிங்கள வாக்கை இனி எவரும் நம்மை முந்திக்கொண்டு வாரிப் போகக் கூடாது என்பதுதான் அந்தத் தோல்வியிலிருந்து ஐ.தே.க. எடுத்துக்கொண்ட பாடம்.

வென்று பிரதமரான பண்டாரநாயக்க சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1957 ஜூலை 26-இல் அவருக்கும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகத்துக்கும் இடையே பண்டா–செல்வா ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரதேச சபைகள், வடக்கு கிழக்கில் நிர்வாக மொழியாகத் தமிழ், குடியேற்றத்தில் அந்தச் சபைகளுக்கு அதிகாரம் என்ற அளவில்தான் அது நின்றது. சமஷ்டி கேட்டவர்களுக்கு இது குறைவு. ஆனாலும் செல்வநாயகம் ஏற்றார். அக்டோபரில் ஐ.தே.க.வின் ஜே.ஆர். கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார், நாடு பறிபோகிறது என்று சொல்லிக்கொண்டு. சுதந்திரக் கட்சிக்காரர்கள் இம்புல்கொடையில் வீதியை மறித்து அந்த நடையை நிறுத்தினார்கள். யாத்திரைதான் நின்றது, எதிர்ப்பு நிற்கவில்லை.

தமிழரசுக் கட்சியின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. 1958 தொடக்கத்தில் பேருந்துகள் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பலகையுடன் வடக்கே வந்தபோது அதன்மேல் தார் பூசினார்கள். தெற்கில் பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் ஏறியது. அந்தக் கொதிப்பில்தான் ஏப்ரல் 9 விடிந்தது. ரோஸ்மீட் பிளேஸில் பிரதமரின் வீட்டு முன்னால் பிக்குகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பண்டாரநாயக்க வெளியே வந்து ஒப்பந்தத்தைக் கைவிடுவதாகச் சொன்னார். வாய்ச்சொல் போதாது என்றார்கள் பிக்குகள். எழுதியும் கொடுத்தார். அடுத்த மாதம் கலவரம்.

இங்கே குற்றவாளி யார்? கிழித்தவர் பண்டாரநாயக்க, சந்தேகமில்லை. ஆனால் கிழிக்கச் சொல்லிக் கண்டிக்கு நடந்தவர் ஐ.தே.க.காரர்.

1965-இல் நாற்காலிகள் மாறின. ஐ.தே.க.வின் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார், மாவட்ட சபைகள் தருவதாக. இப்போது வீதிக்கு வந்தது சுதந்திரக் கட்சி. கூடவே வந்தவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரியும். 1956-இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ‘டட்லியின் வயிற்றில் மசால் வடை’ என்று சிங்களத்தில் எதுகையோடு கோஷம். தமிழனின் பலகாரத்தைத் தின்றவன் என்று பொருள். தொழிலாளி வர்க்கம் பேசிய வாய்! 1968-இல் மாவட்ட சபை மசோதாவை டட்லி கைவிட்டார். ஒரு மொழி என்றால் இரு நாடாகும் என்று 1956-இல் எச்சரித்த சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாவே 1972 அரசியலமைப்பின் சிற்பி. சிங்களம் மட்டும் என்பது அதில் அரசியலமைப்பிலேயே ஏறியது.

ஏன் இப்படி? தலைவர்களின் குணத்தைத் திட்டுவதைவிட தொகுதிக் கணக்கைப் பார்ப்பது மேல். 1947 தேர்தலில் மலையகத் தமிழர்களின் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பிடித்திருந்தது. 1948-இலும் 49-இலும் வந்த சட்டங்களால் அந்த மக்கள் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தார்கள். 1952-இல் அவர்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. ஆனால் தொகுதிகளை வகுக்கும்போது மட்டும் அவர்கள் தலைகளும் எண்ணப்பட்டன. அதனால் கண்டிப் பகுதியில் சிங்கள வாக்காளரின் ஒரு வாக்குக்குக் கூடுதல் எடை கிடைத்தது. அந்த வாக்கைத் துரத்தியே இரு பெரிய கட்சிகளும் ஓடின. அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்தது டி.எஸ். சேனநாயக்கவின் ஐ.தே.க. அரசு. அதன் அமைச்சரவையில் போய் உட்கார்ந்தது ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸ். அதைப் பொறுக்காமல்தான் செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

எனவே ‘எல்லாரும்தான் காரணம்’ என்று முடித்துவிடலாமா? கூடாது. அது குற்றவாளிகளுக்கு மிகவும் வசதியான வாக்கியம். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஆட்சியில் இருந்தது ஐ.தே.க. அக்கட்சியின் அமைச்சர்கள் இருவர் அப்போது அந்த ஊரில் இருந்தார்கள். 1983 ஜூலையில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடியதும் அதே ஆட்சியில். இந்தக் கணக்கைச் சுதந்திரக் கட்சியோடு பங்கு போட முடியாது. 1956 சட்டமும், எழுபதுகளில் பல்கலைக்கழக வாசலை நெருக்கிய தரப்படுத்தலும் அதேபோல சுதந்திரக் கட்சியின் பேரேட்டில்தான் நிற்கும். நோய் பொதுவாக இருக்கலாம், ஒவ்வொரு செயலுக்கும் கையெழுத்து தனி.

இந்த ஆட்டம் பிறகும் நிற்கவில்லை. 2000 ஆகஸ்டில் சுதந்திரக் கட்சியின் ஜனாதிபதி சந்திரிகா அதிகாரப் பகிர்வோடு புதிய அரசியலமைப்பு வரைவைக் கொண்டுவந்தபோது ஐ.தே.க. உறுப்பினர்கள் அதன் பிரதிகளை நாடாளுமன்றத்துக்குள்ளேயே கொளுத்தினார்கள். 1987 இந்திய–இலங்கை உடன்படிக்கையின் பயனாகப் பிறந்த மாகாண சபைகளுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்குப் பின் சுதந்திரக் கட்சியின் சிறிசேன, பொதுஜன பெரமுனவின் கோட்டாபய, ஐ.தே.க.வின் ரணில் என்று மூன்று கட்சிகளின் ஜனாதிபதிகள் ஆண்டார்கள். அச்சபைக்குத் தேர்தல் நடத்தியவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

(தொடரும்)