விளக்கைக் குளிர வையுங்கள்

சேந்தமங்கலம் என்ற ஊர்ப் பெயரின் பின்பாதியைக் கவனியுங்கள். மங்கலம் என்றால் நன்மை. நன்னூலோ அதையே இலக்கணப் பெயராக்கி, அமங்கலத்தை நல்ல சொல்லால் மூடிச் சொல்வதை 'மங்கலம்' என்கிறது. செத்தாரைத் 'துஞ்சினார்', சுடுகாட்டை 'நன்காடு' என்பது அந்த வகை. வீட்டிலும் 'விளக்கை அணை' என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். 'குளிர வை' என்று திருத்துவார்கள். திரி அணைவது ஒன்றுதானே, சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அகராதிக்கு ஒன்றுதான், காதுக்கு அப்படியில்லை. 'அணைந்தது' என்றதும் பிரிந்த உயிரும் நினைவுக்கு வருகிறது. மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவரும் வாசலில் 'போகிறேன்' என்னாமல் 'போய் வருகிறேன்' என்றுதானே விடைபெறுகிறார்? நல்ல சொல்லும் நிறம் மாறும்: ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது.