கண் திறந்திருந்தும் பார்க்காத மூளை

அடுத்த முறை லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கும்போது அங்குள்ள பெயர்ப்பலகையை நிமிர்ந்து பாருங்கள். ஆங்கிலம், சீனம், தமிழ் என்று மூன்று எழுத்துகளில் பெயர் இருக்கும். தமிழ் வரியைப் படிக்காமல், வெறும் கோடுகளும் சுழிகளுமாக மட்டும் பார்க்க முயன்று பாருங்கள். முடியாது. சீனம் படிக்கத் தெரியாதவருக்குச் சீன வரி ஓர் ஓவியம்போலத் தோன்றும். ஆனால், தமிழ் தெரிந்த உங்களுக்குத் தமிழ் வரி அப்படித் தோன்றாது. படிக்கலாமா வேண்டாமா என்று நீங்கள் யோசிப்பதற்குள் மூளை படித்து முடித்துவிடுகிறது.

இப்படி நம் அனுமதி கேட்காமல் மூளை செய்யும் வேலையை நனவிலிச் செயல்பாடு என்கிறார்கள். “இதோ பார்க்கிறேன், கேட்கிறேன்” என்று நமக்கே தெரியும் நிலைதான் நனவு. பலகையைப் பொறுத்தவரை, வேலை எப்படி நடந்தது என்பது நமக்குத் தெரியாவிட்டாலும், முடிவாவது நனவுக்கு வந்து சேர்கிறது. அந்த முடிவுகூட வந்து சேராமல் போகுமா?

போகும் என்று காட்டியவர் இங்கிலாந்தின் உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ். ‘டி.பி.’ என்ற பெயரெழுத்துகளால் மட்டும் அறியப்பட்ட ஒருவருக்கு அறுவை சிகிச்சையில் தலையின் பின்பக்கம் உள்ள பார்வைப் புறணியின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தது. கண்களில் குறையில்லை. ஆனாலும் நேரே பார்க்கும்போது இடப்பக்கம் இருப்பவை எவையும் தமக்குத் தெரியவில்லை என்றார் அவர். அந்தப் பக்கத்தில் ஓர் ஒளிப்புள்ளியைக் காட்டி, “எங்கே இருக்கிறது? சும்மா ஊகித்துக் கைகாட்டுங்கள்” என்றார்கள் ஆய்வாளர்கள். ஒன்றும் தெரியாதபோது எதைக் காட்டுவது என்று அவருக்குக் குழப்பம். ஆனால், அவர் காட்டிய இடங்கள் வியக்கத்தக்க அளவு சரியாக இருந்தன. கோடு படுத்திருக்கிறதா நிற்கிறதா என்பதையும் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். எதையும் பார்க்கவில்லை, ஊகித்தேன் என்பதுதான் கடைசிவரை அவருடைய பதில்.

1974ல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு இந்நிலைக்குக் ‘குருட்டுப் பார்வை’ என்ற பெயர் நிலைத்தது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் முதன்மையான பாதை பார்வைப் புறணியில் முடிகிறது. அதுதவிர நடுமூளைக்குச் செல்லும் பழைய பாதை ஒன்றும் உண்டு. முதல் பாதை பழுதானாலும் மற்ற பாதைகள் வேலை செய்துகொண்டிருக்கலாம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். இத்தகையோருக்கு மிக மங்கலான ஓர் உணர்வாவது இருந்திருக்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன், 1998ல் வந்த தம் நூலில் இதை விளக்கும்போது, நமக்குள் ‘ஸோம்பி’ ஒன்று இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்கிறார்.

டி.பி.யின் மூளை பார்த்தது. அது அவருக்குத் தெரியவில்லை. இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. அதை ஆராய்ந்தது சிங்கப்பூர். அதற்கு மூளையில் அடிபட வேண்டியதில்லை, ஓர் இரவு தூங்காமல் இருந்தாலே போதும்.

டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் மைக்கேல் சீ தலைமையிலான குழு, இரவு முழுவதும் விழித்திருந்தவர்களை எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்தது. சிறிய எழுத்துகளை அடுக்கி வரைந்த பெரிய எழுத்து ஒன்று திரையில் வரும். அதைக் கவனித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். நன்றாகத் தூங்கியவர்களும் அவ்வப்போது கவனம் சிதறித் தாமதமாக அழுத்துவதுண்டு. ஆனால், தூங்காதவர்கள் தடுமாறிய நொடிகளில் மூளை வேறுவிதமாக இருந்தது. பார்க்க உதவும் பகுதியிலேயே செயல்பாடு குறைந்திருந்தது. விழிப்பைத் தக்கவைக்க உதவும் தலாமஸும் ஓய்ந்திருந்தது. 2008ல் வெளியான முடிவு இது. கண்முன்னே படம் இருக்கிறது, மூளை அதை ஒழுங்காக வாங்கிக்கொள்ளவில்லை.

இதில் கவலைக்குரியது, அந்த நொடிகளை நாம் உணராமல் போவதுதான். சாலையைக் கடக்கும்போது இப்படி ஒரு நொடி நேர்ந்தால், வருகிற பேருந்து கண்ணில் பட்டும் மனத்தில் படாமல் போகலாம். “எனக்குத் தூக்கமே வரவில்லை, ஐந்து மணி நேரம் போதும்” என்று சொல்லும் நண்பர் உங்கள் வகுப்பிலும் இருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. 2003ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரியவர்களை இரண்டு வாரங்களுக்கு இரவில் நான்கு அல்லது ஆறு மணி நேரம் மட்டுமே தூங்கவைத்தார்கள். தூக்கக் கலக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, சில நாள்களுக்குப் பிறகு அதிக மாற்றமில்லை என்றார்கள். ஆனால், சோதனைகளில் அவர்களுடைய கவனத் தவறுகள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. தூக்கம் கெட்ட மூளையிடமே “நீ நலமா?” என்று கேட்டால் வேறு எப்படிப் பதில் வரும்?

மைக்கேல் சீயின் குழு அடுத்து உங்கள் வயதினரை ஆராய்ந்தது. 15 முதல் 19 வயது வரையுள்ள 56 மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரமும், மற்றவர்களுக்கு ஒன்பது மணி நேரமும் தூங்க அனுமதி. 2016ல் முடிவு வந்தது. ஐந்து மணி நேரப் பிரிவினரின் கவனமும் நினைவாற்றலும் மனநிலையும் சரிந்தன. பிறகு இரண்டு இரவுகள் ஒன்பது மணி நேரம் தூங்கவிட்டும் அவர்களுடைய கவனம் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. வாரம் முழுவதும் விழித்துவிட்டுச் சனி, ஞாயிறில் சேர்த்துத் தூங்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டு நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி, காலை 7.30க்குத் தொடங்கிய வகுப்புகளை 8.15க்கு மாற்றியது. ஒன்பது மாதங்கள் கழித்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, மாணவியர் படுக்கையில் இருந்த நேரம் முன்பைவிடச் சுமார் 10 நிமிடம் கூடியிருந்தது. பகல் தூக்கக் கலக்கமும் குறைந்திருந்தது. மணி அடிக்கும் நேரம் தள்ளிப்போனதோ 45 நிமிடம். மீதி 35 நிமிடம் எங்கே போனது என்பதை உங்கள் கைத்தொலைபேசியிடம்தான் கேட்க வேண்டும்.