கறுத்த வெள்ளி ரூபாய் கள்ளக்காசு அல்ல!

வீட்டில் எங்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்த 'ராஜா தலை' ரூபாயைப் பெரியவர்கள் நம் கடைக்குக் கொண்டு வருவதுண்டு. கறுத்திருந்தால், "இது கள்ளக்காசு" என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்புவதோ, அதையே சாக்காக்கி மலிவாக வாங்குவதோ வியாபார தர்மம் ஆகாது.

இரும்பைப் போல் வெள்ளி துருப்பிடிப்பதில்லை. அதன் எதிரி கந்தகம். சாக்கடை, அழுகிய பொருட்கள், நிலக்கரிப் புகை இவற்றிலிருந்து காற்றில் கலக்கும் கந்தக வாயு வெள்ளியின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. ஈரம் இருந்தால் இன்னும் வேகம். முட்டை, வெங்காயம், பூண்டு, பெருங்காயம், ரப்பர் பேண்டு எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. மளிகைக் கடைக் கல்லாவில் காசு கறுப்பதில் வியப்பென்ன?

பலர் கைமாறிய காசில் ராஜாவின் கன்னம் விரல் பட்டு வெளுத்திருக்கும். எழுத்து இடுக்குகளில் கறுப்பு தங்கியிருக்கும். இது இயற்கை.

வெள்ளியோடு கலந்த செம்பும் நிறம் மாறும். 1939 வரையிலான ஒரு ரூபாயில் நூற்றுக்குச் சுமார் 92 பங்கு வெள்ளி. போர்க்காலத்தில், 1940 முதல் 50 பங்கு வெள்ளி, 40 பங்கு செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். எனவே 1940 முதல் 1945 வரையிலான காசுகள் தேயத் தேயப் பழுப்பேறும். இரண்டுக்கும் எடை ஒன்றே: ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். மூன்று ரூபாய் எடை ஒரு பலம் என்று நம் முன்னோர் நிறுத்த காசு இது. ஆகவே தராசை மட்டும் நம்பாமல் வருடத்தைப் பாருங்கள். முன்னதில் வெள்ளி 10.7 கிராம், பின்னதில் 5.8 கிராம்தான். 1947 ரூபாய் முழு நிக்கல், காந்தம் இழுக்கும்.

செஞ்சியில் எங்கள் மண்டியில் தந்தையார் எடைக்கு வைத்திருந்த ரூபாய்களை ஒரு தீபாவளிக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். பளபளப்பு வந்தது, வருட எழுத்து மங்கியது. பழங்காசு வாங்குவோர் விலையைப் பாதியாகக் குறைத்தார்கள். கறுப்போடு வெள்ளியையும் அல்லவா தேய்த்துவிட்டோம்!

கறுத்த காசைத் தேய்க்க வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றித் துடைத்து, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். காசு கொண்டு வருபவரிடம் வருடத்தைப் படித்துக் காட்டி, உள்ள மதிப்பைச் சொல்லுங்கள். நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள் உண்டல்லவா?