கை தொடாத காமிரா

1880-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி இரவு, நியூயார்க் நகருக்கு வடக்கே ஹட்சன் நதிக்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரில், வைத்தியம் பயின்று வானசாஸ்திரத்தில் மனத்தைப் பறிகொடுத்த ஹென்றி டிரேப்பர், தம்முடைய 11 அங்குலத் தொலைநோக்கியின் முனையில் ரசாயனம் பூசிய உலர்தகடு ஒன்றைப் பொருத்தி, ஒரையன் மண்டலத்து நெபுலா என்னும் ஒளிமேகத்தை நோக்கி 51 நிமிஷம் திறந்து வைத்தார். நெபுலா ஒன்று புகைப்படமாக விழுந்தது உலகில் அதுவே முதல் தடவை. 1882 மார்ச்சு மாதத்தில் அவரே அதே நெபுலாவை 137 நிமிஷம் திறந்து வைத்து, முன்பு பதியாத மெல்லிய சுருள்களையும் தகட்டில் வாங்கினார். அந்த வருஷம் முடியுமுன்பே காலமானார்.

மூன்று நக்ஷத்திரங்கள் வரிசையாக நிற்கும் ஒரையனின் இடைக்கச்சைக்குச் சற்றுக் கீழே, தை மாசி மாதத்து முன்னிரவுகளில், வெறுங்கண்ணுக்கு ஒரு மங்கலான புகைப்புள்ளியாகத் தோன்றும் அந்த நெபுலாவை நம் ஊர்களிலிருந்தே காணலாம். இன்றைய டிஜிட்டல் காமிராவின் சில்லு பழைய தகட்டைவிடப் பன்மடங்கு கூரிய உணர்ச்சி உடையதாகையால், டிரேப்பர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்து பெற்றதைச் சில நிமிஷங்களில், நிறத்தோடும், அது பெற்றுவிடுகிறது. ஆயினும் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும், திறந்திருக்கையில் காமிரா சிறிதும் அதிரலாகாது என்ற இரண்டு நிபந்தனைகளும் அப்படியே இருக்கின்றன. மாறியிருப்பது மனிதனுடைய கவனம் செலவாகும் வேளைதான். அக்காலத்தவர் இரவு முழுவதும் கருவியின் அருகில் நின்று செலவிட்ட சிரத்தையை, இக்காலத்தவர் பொழுது சாயுமுன்பே, காமிராவுக்குரிய கட்டளைகளைக் கிரமமாக எழுதி வைப்பதில் செலவிட வேண்டும். இந்த முன்யோசனையில்தான் கலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பகலில் காமிரா எல்லாவற்றையும் தானே தீர்மானித்துக்கொள்கிறது. அந்தச் சாமர்த்தியமே இருளில் அதற்குப் பகையாக முடிகிறது. ஒளியே இல்லாத இடத்தில் குவியத்தைத் தானாகத் தேடும் லென்ஸ் முன்னும் பின்னுமாக அலைந்து ஓய்ந்துவிடும். கைநடுக்கத்தைத் திருத்தும் அமைப்பு, முக்காலியின்மேல் அசையாமல் இருக்கும் காமிராவுக்கு இல்லாத நடுக்கத்தைக் கற்பித்துக்கொண்டு படத்தைக் கெடுத்துவிடும். ஆகவே முதற்காரியம் இத்தகைய தானியங்கி வசதிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, ‘எம்’ என்னும் கைமுறை நிலைக்கு வருவதாகும். பிரகாசமான ஒரு நக்ஷத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெருக்கிப் பார்த்து, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரையில் லென்ஸின் வளையத்தைத் திருப்பிக் குவியத்தை நிலைநிறுத்த வேண்டும். இதற்குத் துணையாக, பாவெல் பாத்தினோவ் என்ற ரஷ்ய அமெச்சூர் வானியலாளர் 2005-இல் வகுத்த வரித்துளை மூடியை லென்ஸின் முன் வைத்தால், நக்ஷத்திரத்தைச் சுற்றி மூன்று ஒளிக்கோடுகள் எழும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிமத்தியில் வந்து நிற்கும் கணமே குவியம் சரியானதென்பதற்கு அத்தாட்சி. படங்களை ஜேபெக் வடிவில் அல்லாமல், சில்லு உணர்ந்ததை உணர்ந்தபடியே வைக்கும் ‘ரா’ வடிவில் சேமிப்பது அவசியம்.

அடுத்தது ஷட்டர். சாமானியமான காமிராக்களில் 30 விநாடிக்கு மேற்பட்ட நேரத்தைத் தேர்ந்தெடுக்க இடமில்லை. அதற்கு அப்பால் ‘பல்ப்’ என்ற நிலை, பொத்தான் அழுந்தியிருக்கும் வரையில் ஷட்டரைத் திறந்தே வைக்கிறது. விரலால் அழுத்திக்கொண்டிருந்தால் ஒவ்வொரு நாடித்துடிப்பும் நக்ஷத்திரங்களை நெளியவைக்கும். எனவே காமிராவின் பக்கவாட்டில் உள்ள சிறு துவாரத்தில் ஒரு கம்பியைச் செருகி, தூரத்திலிருந்து இரண்டு மின்முனைகளை இணைப்பதன் மூலம் பொத்தானின் வேலையைச் செய்விக்கிறார்கள். அந்தக் கம்பியின் மறுமுனையில் இருக்கும் இன்டர்வலோமீட்டர் என்னும் சிறு கருவியில், எத்தனை படம், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், இடையில் எத்தனை விநாடி ஓய்வு என்று குறித்துவிட்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். கண்ணாடி வைத்த காமிராவானால், கண்ணாடி மேலெழும் அதிர்ச்சி அடங்கிய பிறகே ஷட்டர் திறக்குமாறு இரண்டொரு விநாடி தாமதமும் சேர்க்க வேண்டும்.

கம்பியூட்டரிலிருந்து யு.எஸ்.பி. கம்பி வழியாகக் காமிராவை ஆள்வது இதனினும் சிறந்த முறை. டிஜிகேம்கண்ட்ரோல், ஜிஃபோட்டோ2 முதலிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன் அளவு, நேரம், எண்ணிக்கை அனைத்தையும் அவற்றில் வரிவரியாக எழுதி வைக்கலாம், எடுத்த படத்தை உடனே பெரிய திரையில் சோதிக்கலாம். ஆரம்பகாலத்துக் கானன் மாடல்கள் சிலவற்றில் யு.எஸ்.பி. வழியாகப் பல்ப் நிலையை இயக்க முடியாமல் இருந்தபோது, ஆர்வலர்கள் சிறு மின்சுற்றைத் தாங்களே பற்றவைத்து, கம்பியூட்டரின் சீரியல் துவாரத்திலிருந்து இரண்டாவது கம்பி ஒன்றை ஷட்டருக்கு இழுத்துக்கொண்டார்கள். தயாரிப்பாளர்கள் செய்யாததைத் தங்கள் மேஜைமேல் செய்துகொண்ட அவர்களுடைய பிரயத்தனம் மிகவும் போற்றத்தக்கது.

இவ்வளவு செய்தும், பூமி சும்மா நிற்பதில்லை. ஆகாயம் நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாகை வீதம் நகர்வதால், 50 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய சாதாரணக் காமிராவில், வான நடுவரையை ஒட்டிய ஒரையன் நக்ஷத்திரங்கள் ஒரு விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்திலேயே ஒரு பிக்சலைக் கடந்துவிடுகின்றன. பத்து விநாடியில் புள்ளி கோடாகிவிடும். இதை ஈடுசெய்ய டிராக்கர் என்னும் சுழல் பீடம் வேண்டும். அதன் அச்சு வானத்தின் துருவத்தை நோக்கியிருக்க வேண்டும். துருவ நக்ஷத்திரம் ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் தெரியுமாதலால், சென்னையில் 13 பாகையும் கன்னியாகுமரியில் 8 பாகையுமே உயர்ந்து நிற்கும் அதை வடக்கே மரமோ கட்டிடமோ மறைத்துவிடாத இடமாகப் பார்த்து முக்காலியை ஊன்றுவது நலம்.

பீடம் சரியாகச் சுழலுமானால் டிரேப்பரைப் போல ஒரேயடியாக இரண்டு மணி நேரம் திறந்து வைத்தால் என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். அந்த இரண்டு மணிக்குள் ஒரு விமானம் குறுக்கிட்டாலும், காற்று ஒருமுறை பலமாக அடித்தாலும் அனைத்தும் வீணாகும்; ஊர்வெளிச்சம் படிந்து வானமே வெளுத்துவிடும். இரண்டு நிமிஷப் படங்களாக அறுபது எடுத்தாலோ, கெட்டதை நீக்கிவிட்டு மற்றவற்றை மென்பொருளால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி காணலாம். நக்ஷத்திர ஒளி எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிலைத்திருக்க, இரைச்சல் என்று சொல்லப்படும் புள்ளிச் சிதறல் படத்துக்குப் படம் மாறுவதால், நூறு படங்களை அடுக்கினால் அது பத்தில் ஒரு பங்காகத் தணிகிறது. சில்லின் உஷ்ணத்தால் பிறக்கும் பொய்ப்புள்ளிகள் வேறு வகை. அவை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோன்றும். அதற்காக லென்ஸை மூடி, அதே நேரம், அதே ஐ.எஸ்.ஓ., கூடியவரை அதே குளிர்ச்சியில் இருட்டுப் படங்கள் சில எடுத்துக் கழிக்க வேண்டும். காமிராவே ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் இந்தக் கழித்தலைச் செய்து தருமாயினும், அதற்குச் சரிபாதி இரவு போய்விடுவதால் அந்த வசதியையும் நிறுத்திவைப்பதே விவேகம்.

நெபுலாவின் சிவப்புக்கு ஒரு தடை உண்டு. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் வீசும் செவ்வொளியைச் சாதாரணக் காமிராவின் உள்வடிகட்டி பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. இதை உணர்ந்தே, அந்த வடிகட்டியை மாற்றி, கானன் 2005-இல் 20டிஏ என்ற மாடலையும், நிக்கான் 2015-இல் டி810ஏ என்ற மாடலையும் வெளியிட்டன. பின்னதில் 900 விநாடி வரை நேரம் குறிக்கவும் வழி செய்திருந்தார்கள். ஆயினும் வடிகட்டியை மாற்றாத காமிராவிலும் ஒரையன் நெபுலா இளஞ்சிவப்பாக விழத்தான் செய்கிறது. தொடங்குகிறவர் இதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

கட்டளைப் பட்டியலில் இந்த நெபுலாவுக்கென்றே சேர்க்க வேண்டிய விசேஷ வரி ஒன்று இருக்கிறது. அதன் மையத்தில் டிரப்பீசியம் எனப்படும் நான்கு இளம் நக்ஷத்திரங்கள் மிகுந்த பிரகாசத்தோடு விளங்குகின்றன. விளிம்புச் சுருள்களோ அதில் நூற்றில் ஒரு பங்கு ஒளியும் அற்றவை. ஒவ்வொரு பிக்சலும் ஓரளவே கொள்ளும் சிறு பாத்திரமாகையால், இரண்டு நிமிஷத்தில் மையம் நிறைந்து வழிந்து, நான்கு நக்ஷத்திரங்களும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். ஆதலால் இரண்டு நிமிஷப் படங்கள் முடிந்ததும் ஐந்து விநாடிப் படங்கள் இருபதையும் தொடர்ந்து எடுக்குமாறு முன்கூட்டியே எழுதிவைத்து, மையத்தைக் குறுகிய படங்களிலிருந்தும் சுருள்களை நீண்ட படங்களிலிருந்தும் எடுத்துப் பின்னர் இணைத்துக்கொள்ள வேண்டும்.