பழைய சாமி படத்தை ஸ்கேன் செய்தால் அலை அலையாகக் கோடு விழுவது ஏன்? கோவில்பட்டி காலண்டர் சொல்லும் கிராபிக்ஸ் பாடம்

பாட்டி வீட்டுப் பூஜையறையில் பல வருஷமாகத் தொங்கும் முருகன் படம். சாயம் வெளுத்துக்கொண்டே வருகிறது. முழுசாக அழிவதற்குள் ஒரு காப்பி எடுத்து வைக்கலாம் என்று ஸ்கேன் செய்தால், முகத்தின் மேல் அலை அலையாகக் கோடுகள். ஸ்கேனர் ரிப்பேரா? இல்லை. காரணம் அந்தப் படம் அச்சான விதத்தில் இருக்கிறது.

யார் வரைந்தது?

தமிழ்நாட்டு வீடுகளில் இருக்கும் பழைய சாமி படங்களில் பலவற்றின் பூர்வீகம் கோவில்பட்டி. சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி. கொண்டைய ராஜு (1898-1976), நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்துவிட்டு, 1940-களில் இந்த ஊரில் தங்கினார். அவரும் டி.எஸ்.சுப்பையா, எம்.ராமலிங்கம் போன்ற சீடர்களும் தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் வரைந்த படங்கள் காலண்டர்களாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. பல படங்களில் குரு, சீடர் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். வீட்டில் படம் இருந்தால் கீழ் ஓரத்தைப் பாருங்கள்.

அச்சடிக்க பக்கத்திலேயே சிவகாசி. மழை குறைந்த கரிசல் பூமி. காற்றில் ஈரம் கம்மி. தீக்குச்சி காயவும் சரி, காகிதம் சுருங்காமல் நிற்கவும் சரி, தோதான ஊர். தீப்பெட்டி லேபிள் அடிக்க வந்த அச்சுத் தொழில்தான் பிறகு காலண்டருக்கு வளர்ந்தது.

நாலே மை, ஆயிரம் நிறம்

ஓவியர் குழைத்த நிறங்கள் எத்தனையோ. ஆனால் கலர் அச்சில் பொதுவாக நாலு மைதான்: நீலம் (சியான்), மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. மீதி எல்லாம் கண்ணை ஏமாற்றும் வேலை. நிறத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைத்து அடிப்பார்கள். புள்ளி பெரிசானால் அடர்த்தி, சிறிசானால் வெளிர். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முருகன் கன்னத்தின் சிவப்பு, வெறும் புள்ளிக்கோலம்.

நாலு நிறப் புள்ளி வரிசைகளும் ஒரே திசையில் இருந்தால் ஒன்றோடொன்று மோதி வேண்டாத கோலம் விழும். அதனால் ஒவ்வொன்றையும் வேறு கோணத்தில் சாய்ப்பார்கள். அதிகம் கண்ணில் படும் கறுப்புக்கு வழக்கமாக 45 டிகிரி.

ஸ்கேனரில் நடப்பது என்ன?

ஸ்கேனரும் படத்தைக் கட்டம் கட்டமாகத்தான் வாசிக்கிறது. காகிதத்தில் ஒரு புள்ளி வரிசை, ஸ்கேனரில் ஒரு கட்ட வரிசை. இரண்டும் பொருந்தாதபோது மூன்றாவதாக ஒரு அலை பிறக்கிறது. இதற்கு மோயரே என்று பெயர். பழைய சினிமாவில் வேகமாக ஓடும் வண்டியின் சக்கரம் பின்னால் சுற்றுவது போலத் தெரியுமே, அதே கதைதான். தேவையான அளவுக்கு மாதிரி எடுக்காவிட்டால் இல்லாத ஒன்று இருப்பதாகத் தெரியும்.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் இதை அலையாசிங் என்பார்கள். கணினி வரையும் படங்களில் இந்தச் சிக்கலைத் தீர்ப்பது எப்படி என்று ஃபிராங்க்ளின் குரோ 1977-ல் எழுதிய கட்டுரை இத்துறையில் முக்கியமானது. 1981-ல் தொடங்கிய ‘ஐஇஇஇ கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்’ போன்ற இதழ்கள் கிராபிக்ஸின் கோட்பாட்டையும் செய்முறையையும் சேர்த்தே பேசுகின்றன. அதில் ஒரு பகுதி, புள்ளிகளோடு மல்லுக்கட்டிய அச்சகங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான தலைவலி.

சரி, எப்படிக் காப்பாற்றுவது?

விதி எளிது: ஒரு புள்ளி வரிசைக்கு இரண்டு மாதிரிக்கு மேல் வேண்டும். அங்குலத்துக்கு 150 வரிசை என்றால் 300 டிபிஐ விளிம்பில்தான் நிற்கும். எனவே 600 டிபிஐ அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

• முடிந்தால் கண்ணாடியைக் கழற்றுங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், அப்படியே எடுங்கள்.

• ஸ்கேனரில் ‘டிஸ்கிரீன்’ வசதி இருந்தாலும், அது போடாத ஒரு ஃபைலை முதலில் எடுத்து வையுங்கள். அதுதான் அசல்.

• அளவைக் குறைப்பது, நிறம் சரிசெய்வது எல்லாம் காப்பியில் மட்டும்.

• ஏஐ ஆப்பில் ‘தெளிவாக்கினால்’ முகம் பளிச்சென்று வரும். ஆனால் அது கோவில்பட்டி ஓவியர் வரைந்த முகமாக இருக்காது.

• அசலை வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள். வெயிலில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் போய்விடும். மிஞ்சுவது நீலம் பாய்ந்த முருகன்தான்.